'வெறும் அலங்காரம்'

மத்தியகால ஐரோப்பாவில் தேவாலயங்களுக்கென்று செய்யப்பட்ட பொன், வெள்ளி, செம்பு வேலைகளைப் பற்றிப் பேச்செடுத்தால் நம் விமர்சகர்களிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது: 'வெறும் அலங்காரம்.' அணியை இலக்கணமாகவே வகுத்துக்கொண்ட ஒரு மொழியில் அலங்காரம் எப்போது வசைச்சொல் ஆயிற்று என்று எனக்குப் புரியவில்லை. பார்த்துவிட்டுச் சொல்கிற பதிலாகவும் இது எனக்குப் படவில்லை.

வியன்னாவை அடுத்த க்ளோஸ்டர்நாய்பர்க் மடாலயத்துக்கு வெர்டூன் நிக்கோலஸ் 1181-ல் செய்து முடித்த எனாமல் தகடுகளை எடுத்துக்கொள்கிறேன். செம்பைக் குழித்து, கண்ணாடிப் பொடி நிரப்பி, சூளையில் உருக்கி, மெருகேற்றிப் பொன் முலாம் பூசியவை. பிரசங்க மேடையைப் போர்த்தியிருந்த இந்த 45 தகடுகள், 1330 தீ விபத்துக்குப்பின் மேலும் ஆறு சேர்த்துப் பலிபீடத்துக்கு மாற்றப்பட்டன. மூன்று வரிசைகள். நடு வரிசையில் சிலுவையில் கிறிஸ்து. அதற்கு நேர் மேலே மகன் ஈசாக்கைப் பலியிட முனையும் ஆபிரகாம். நேர் கீழே கானானிலிருந்து இருவர் தடியில் சுமந்துவரும் திராட்சைக் குலை. மரத்தில் தொங்கும் உடலையும் தடியில் தொங்கும் குலையையும் ஒரே பார்வையில் சேர்த்துவைப்பது அலங்காரமா, சிந்தனையா? திட்டம் இறையியலாளர்களுடையது, கை மட்டுமே நிக்கோலஸுடையது என்பார்கள். இருக்கட்டும். அந்தத் தொங்கலின் கனம் திட்டத்தில் இல்லை, உளியில் இருக்கிறது.

இதைவிட நேர்மையான எதிரி 1125 வாக்கிலேயே இருந்தார். ஏழை பட்டினி கிடக்கத் தேவாலயத்துக்குப் பொன் எதற்கு என்று கேட்டார் க்ளேர்வோ பெர்னார்ட். அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்றும் பதில் இல்லை. ஆனால் அவர் பார்த்தார். இந்த வேலைகள் துறவியின் கண்ணைப் பறித்துப் பிரார்த்தனையிலிருந்து விலக்கும் என்று பயந்தார். சக்தியற்ற ஒன்றைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை.

அவர் காலத்து சான்-தெனி மடாதிபதி சுஜேரோ, பொன்னையும் செலவையும் கண்டு வியக்காதே, வேலைப்பாட்டைப் பார் என்ற கருத்தைத் தேவாலயக் கதவிலேயே பொறித்துவைத்தார். தன் பெயரை எங்கும் பொறித்துக்கொண்ட அவர், தான் எழுதிவைத்த வரலாற்றில் தனக்காக வேலை செய்த பொற்கொல்லர் ஒருவர் பெயரையும் சொல்லவில்லை. அங்கிருந்த பொக்கிஷங்களில் பெரும்பகுதி பிரெஞ்சுப் புரட்சியின்போது உருக்கப்பட்டது. உருக்கியவர்கள் அவற்றில் பொன்னை மட்டுமே பார்த்தார்கள்.

'வெறும் அலங்காரம்' என்கிறவரும் அதையேதான் பார்க்கிறார். அவருக்கு உலைகூடத் தேவைப்படுவதில்லை.