பழசாகும் உரிமை

"அந்தக் காலத்து கேம் மாதிரி இப்ப எங்கப்பா வருது?" என்று என் வயதுக்காரர் யாராவது ஆரம்பித்தால் நான் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவேன். முப்பத்தைந்து வயதிலேயே பெரிசுகள் மாதிரி பேசுவது ஒருபக்கம் இருக்கட்டும். சொல்வது உண்மையே இல்லை, அதுதான் என் பிரச்சினை.

நாம் ஆடிய கேம்களில் பாதி, ஆடுபவனை வதைப்பதற்கென்றே செய்யப்பட்டவை. காண்ட்ராவை எடுத்துக்கொள்ளுங்கள். 1987இல் காசு போட்டு ஆடும் ஆர்கேட் எந்திரத்துக்காக வந்த கேம். நீ சீக்கிரம் செத்தால்தான் அடுத்த காசு விழும், ஆர்கேடின் வியாபாரமே அதுதான். அந்தக் குணம் மாறாமல் அது வீட்டு டிவிக்கும் வந்தது. மூன்று லைஃப், ஒரு தோட்டா பட்டால் ஒன்று காலி. அதனால்தான் மேலே மேலே கீழே கீழே இடது வலது இடது வலது பி ஏ என்று நம் விரல்கள் மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்துவைத்திருந்தன. முப்பது லைஃப்! அந்த மந்திரத்தை முதலில் வைத்தவர் கசுஹிசா ஹஷிமோட்டோ, 1986இல், கிரேடியஸ் என்ற கேமில். ஏன் வைத்தார்? சோதித்துப் பார்க்க ஆடியபோது அவராலேயே அதை முடிக்க முடியவில்லை. செய்தவனாலேயே முடிக்க முடியாததை நாம் 'சவால்' என்று முப்பது வருடமாகக் கொண்டாடுகிறோம்.

1994இல் வந்த லயன் கிங் இதைவிட மோசம். வாடகைக்கு எடுத்துப் போகிறவர்கள் இரண்டு நாளில் முடித்துவிட்டால் யாரும் வாங்க மாட்டார்கள் என்று வேண்டுமென்றே கடினமாக்கினோம் என அதைச் செய்தவர்களில் ஒருவரே பின்னாளில் சொன்னார். அந்தக் குரங்குகள் சிம்பாவைத் தூக்கித் தூக்கி எறியும் ஸ்டேஜில் நான் அழுதிருக்கிறேன். என் திறமைக் குறைவு என்று நினைத்து அழுதேன். விற்பனைப் பிரிவின் முடிவு என்று பத்து வயதில் யாருக்குத் தெரியும்?

எங்கள் ஊரில் கிடைத்த '9999 இன் 1' கேசட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எண்ணினால் முப்பது கேம்கூடத் தேறாது. அதே மரியோ பத்து பெயரில் வரும்.

அந்தப் பக்கம் இன்றைய கேம்களைப் பாருங்கள். ஹாலோ நைட்டை (2017) ஆஸ்திரேலியாவில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஒரு சிறு குழு செய்தது. ஸ்டார்ட்யூ வேலியை (2016) எரிக் பேரோன் என்ற ஒற்றை ஆள், இசை உட்பட, நாலு வருடத்துக்கு மேல் உட்கார்ந்து செய்தார். செலஸ்ட் (2018) ஒரு மலையேறும் கேம், காண்ட்ராவைவிடக் கடினமானது. ஆனால் உனக்கு முடியவில்லையா, வேகத்தைக் குறைத்துக்கொள் என்று மெனுவிலேயே மரியாதையாகச் சொல்கிறது. ரகசியக் குறியீட்டைப் பக்கத்துத் தெரு அண்ணனிடம் கெஞ்சி வாங்க வேண்டியதில்லை. டிஸ்கோ எலீசியத்தில் (2019) இருக்கிற அளவு எழுத்துச் செழுமை பல நாவல்களில் இல்லை. (நாவலாசிரியர்கள் சண்டைக்கு வரலாம், நான் தயார்.)

ஆகவே பழையது பொன், புதியது பித்தளை என்ற பேச்சை விட்டுவிடுவோம். ஆனால் பழைய கேமிடம் இருந்த ஒன்று புதிய கேம்கள் பலவற்றிடம் இல்லை. அது யாருடைய அனுமதியும் கேட்காமல் என் கையில் இருந்தது.

பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவை நான் பள்ளி கம்ப்யூட்டர் லேபில் ஃப்ளாப்பியில்தான் பார்த்தேன். ஜோர்டன் மெக்னர் தன் தம்பியை ஓடவும் தாவவும் விட்டு வீடியோ எடுத்து, அந்த அசைவுகளை ஃபிரேம் ஃபிரேமாக வரைந்து 1989இல் ஆப்பிள் 2 கணினிக்குச் செய்த கேம். அந்த வெள்ளைச் சட்டை இளவரசன் விளிம்பைப் பிடித்துத் தொங்கி, காலை உதைத்து மேலே ஏறுவது ஒரு நிஜப் பையனின் உடம்பு. டாஸ் பதிப்பில் முதல் லெவல் முடிந்ததும் ஒரு அறை வரும். கேமோடு வந்த புத்தகத்தைப் பார்த்துச் சரியான எழுத்துள்ள குப்பியைக் குடிக்க வேண்டும், காசு கொடுத்து வாங்கியவன்தானா என்று பார்க்கும் பரீட்சை. எங்களிடம் புத்தகம் ஏது? எங்கள் நகலில் முகம் தெரியாத யாரோ அந்தப் பூட்டை உடைத்திருந்தார்கள். எந்தக் குப்பியைக் குடித்தாலும் கதவு திறந்தது. 'பிரின்ஸ் மெகாஹிட்' என்று டைப் செய்தால் லெவல் தாண்டலாம் என்பதும் அப்படித்தான் கை மாறி வந்தது. திருட்டுதான், மறுக்கவில்லை. ஆனால் இன்று நினைத்தாலும் என் லேப்டாப்பில் அதை ஓடவிட முடிகிறது. மெக்னரின் மூல நிரலே பல வருடம் காணாமல் கிடந்து, 2012இல் அவர் அப்பா வீட்டில் ஒரு பெட்டியில் ஃப்ளாப்பிகளாகக் கிடைத்தது. எடுத்துப் படித்து இணையத்தில் எல்லாருக்கும் திறந்துவைத்தார். இருபது சொச்சம் வருடம் அலமாரியில் கிடந்த பொருளுக்கு உயிர் இருந்தது, ஏனென்றால் அது ஒரு பொருள்.

இப்போது தி க்ரூ. 2014இல் யூபிசாஃப்ட் வெளியிட்ட கார் பந்தய கேம். அமெரிக்காவையே சுருக்கி ஒரு வரைபடமாக்கி, கரையிலிருந்து கரைக்கு ஓட்டலாம் என்றார்கள். தனியாக ஆடும் கதையும் உண்டு. ஆனால் தனியாக ஆடினாலும் சர்வர் வேண்டும் என்று கட்டியிருந்தார்கள். 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தினார்கள். காசு கொடுத்துக் கடையில் வாங்கிய டிஸ்க் அன்றோடு டீ கிளாஸுக்கு அடியில் வைக்கத்தான் உதவும்.

அமெரிக்காவில் 2010க்கு முன் வந்த கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் கணக்குச் சொன்னது. அவையாவது யாரோ ஒருவரின் பரணில் இருக்கும். இன்றைய சர்வர் கேம்களுக்குப் பரணே கிடையாது.

"சர்வர் ஓட்டக் காசாகுமே, காலம் முழுக்க ஓட்ட முடியுமா?" என்று கேட்பார்கள். யாரும் அதைக் கேட்கவில்லை. ராஸ் ஸ்காட் 2024இல் தொடங்கிய 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம் கேட்பது ஒன்றுதான்: நிறுத்தும்போது, வாங்கியவன் தன் பாட்டுக்கு ஆடும்படி விட்டுவிட்டுப் போ. ஐரோப்பாவில் பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அதற்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். முடியாத காரியமும் இல்லை. நாக்அவுட் சிட்டி 2023இல் மூடப்பட்டபோது, அவரவர் சொந்த சர்வரில் ஆடும் பதிப்பைக் கொடுத்துவிட்டே மூடினார்கள். டூமின் நிரலை 1997இலேயே வெளியே விட்டார்கள். அதனால்தான் இன்றும் கண்டகண்ட கருவியில் எல்லாம் அதை ஓட்டிக் காட்டி ஒருவன் வீடியோ போடுகிறான்.

பொறியாளனாக ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பத்து வருடமாகச் சேர்ந்த சர்வர் நிரலைப் பிரித்துக் கொடுப்பது எளிதல்ல. அதில் அடுத்தவன் லைசென்ஸ் இருக்கும், யாருக்கும் புரியாத பத்து சர்வீஸ் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டிருக்கும். ஆனால் அது கடினமாக இருப்பதற்குக் காரணம், முதல் நாள் டிசைன் மீட்டிங்கில் 'கடைசி நாள் என்ன செய்வோம்' என்று யாரும் கேட்காததுதான்.

நானும் கேட்டதில்லை. முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் குழந்தைகளுக்கான ஒரு புதிர் ஆப்பை மூடும் டிக்கெட் எனக்கு வந்தது. புதிர்கள் எல்லாம் ஃபோனிலேயே ஓடக்கூடியவை. லாகின் மட்டும்தான் சர்வரில். அந்த லாகினை எடுத்துவிட்டு ஒரு கடைசி அப்டேட் கொடுக்க இரண்டு வாரம் ஆகும் என்று மேனேஜரிடம் சொன்னேன். "அதுல நமக்கு என்ன லாபம்?" என்றார். சரி என்று விட்டுவிட்டேன். கான்ஃபிகில் மூன்று வரி மாற்றினேன், மூடியாயிற்று. ஒரு அம்மா மெயில் போட்டிருந்தார், பையன் தினமும் கேட்கிறான், திரும்ப வருமா என்று. அதற்கென்று எழுதிவைத்திருந்த ரெடிமேட் பதில் போனது. அந்தப் பதிலை எழுதியதும் நான்தான்.

என் அக்கா மகன் கல்லூரியில் படிக்கிறான். போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அவனுக்குக் காண்ட்ராவைப் போட்டுக் காட்டினேன். இரண்டாவது ஸ்டேஜில் செத்துவிட்டு, "இதுக்கா மாமா இவ்வளவு பில்டப்பு?" என்றான். சிரித்தேன். பிறகு, "நீங்க சின்ன வயசுல ஆடினதை நான் ஆடிட்டேன். நான் ஆடினதை உங்களுக்கு எப்படிக் காட்டுறது?" என்றான். அவன் ஆடியது பப்ஜி மொபைல், லாக்டவுன் சமயத்தில். 2020 செப்டம்பரில் அரசு தடை செய்தது, அக்டோபர் 30 அன்று இந்தியாவுக்கான சர்வர் நின்றது. அங்கே நிறுத்தியது அரசு, தி க்ரூவை நிறுத்தியது கம்பெனி. அந்தப் பதிமூன்று வயதுப் பையனுக்கு இரண்டும் ஒன்றுதான். பின்னால் வேறு பெயரில் வந்ததே என்றேன். "அது வேற மாமா. அப்ப எங்க ஸ்குவாடே கலைஞ்சு போச்சு" என்றான்.

பழைய ஃபோனைத் தேடி எடுத்து ஒரு ஸ்க்ரீன் ரெக்கார்டிங் காட்டினான். நாலு நிமிடம். பொச்சிங்கியில் ஒரு வீட்டு மாடி, நாலு பையன்கள் உடையாத குரலில் கத்துகிறார்கள், யாரோ ஒருவன் வீட்டில் குக்கர் விசில் அடிக்கிறது. கடைசியில் தோற்கிறார்கள். இன்னொரு தடவை போட்டான். மாடிப்படி வந்ததும் நிறுத்தி, திரையில் விரலை வைத்து, "இங்க வலது பக்கம் திரும்பியிருந்தா ஜெயிச்சிருப்போம் மாமா" என்றான்.