கை நுழையாத இடத்தில் ஒரு நட்

எங்கள் நிகழ்ச்சிக்கு வருகிற குரல் பதிவுகளில் பாதி பிறந்தநாள் வாழ்த்து, மீதி பாட்டு விருப்பம். சென்ற வாரம் பாசிர் கூடாங்கிலிருந்து ஒரு தம்பி வேறு மாதிரி கேட்டிருந்தார். "அக்கா, மோட்டார் பின்னாடி சாப்பாட்டுப் பெட்டி மாட்டுற ரேக்குல மரை தேஞ்சு போச்சு. போல்ட் சும்மா சுத்துது. ரிவெட் நட் போட்டா சரியாயிடும்னு சொல்றாங்க. அதுக்குத் தனியா ஒரு கருவி வேணுமாம். ஆன்லைன்ல பார்த்தா பத்து விதமா இருக்கு. ஆக மலிவா எதை வாங்கலாம்?"

இரண்டு பாட்டுக்கு நடுவே சொல்லி முடிக்கிற பதில் இல்லை இது. பகலில் தொழிற்சாலை, மாலையில் உணவு விநியோகம் என்று ஓடுகிற பிள்ளை. பாசிர் கூடாங் நெடுஞ்சாலையில், மழை இரவில் அந்தப் பெட்டி கழன்றால் பின்னால் வருவது கொள்கலன் லோரியாக இருக்கும். அதனால் இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அந்த ரேக் உள்ளே வெற்றான இரும்புக் குழாயால் ஆனது. குழாயின் சுவர் ஒன்றரை மில்லிமீட்டர் இருந்தாலே அதிகம். சாதாரண எம்6 போல்ட்டில் மரை ஒரு சுற்றுக்கு 1 மில்லிமீட்டர் நகரும். அப்படியென்றால் அந்தத் தகட்டில் நேரடியாக மரை போட்டால் போல்ட்டைப் பிடித்திருப்பது வெறும் ஒன்றரைச் சுற்று. சாலைக் குழிகளில் நான்கு மாதம் குலுங்கினால் அது தேயாமல் என்ன செய்யும்? பின்பக்கம் நட் வைத்து முறுக்கலாம் என்றால் குழாய்க்குள் விரல் போகாது.

இதே தலைவலி 1930களில் விமானக்காரர்களுக்கு வந்தது. இறக்கையின் முன்விளிம்பில் பனி உறையாமல் இருக்க ரப்பர் உறை மாட்ட வேண்டும். மெல்லிய அலுமினியத் தகடு, பின்னால் கை போக வழியில்லை. அந்த உறையைத் தயாரித்த அமெரிக்க டயர் நிறுவனம் குட்ரிச்தான் ரிவ்நட்டையும் கண்டுபிடித்தது. (அந்த ரப்பர் எந்தத் தோட்டத்துப் பாலோ!) விளிம்பு வைத்த சின்னக் குழல், அதன் அடிப்பகுதியில் மட்டும் மரை. துளையில் நுழைத்து, மரையுள்ள பகுதியைக் கருவியால் நம் பக்கம் இழுத்தால், நடுவில் இருக்கும் மெல்லிய சுவர் மடிந்து உப்பி, தகட்டைப் பின்னாலிருந்து கவ்விக்கொள்ளும். இழுக்கும் வேலை மட்டும்தான் கருவியுடையது. எந்தக் கருவி என்ற கேள்வியும் அதற்கு எவ்வளவு இழுக்கும் பலம் இருக்கிறது என்பதில்தான் முடிகிறது.

ஆக மலிவானது ஒற்றைக் கையால் அமுக்கும் ரகம். பார்க்கப் பிளையர் மாதிரி இருக்கும். பெட்டியில் எம்6 வரை என்று போட்டிருக்கும். அலுமினிய எம்4, எம்5 நட்டுக்குத் தாராளமாகப் போதும். இரும்பு எம்6 என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்க வேண்டும். கை வலித்துப் பாதியில் விட்டால் நட் அரைகுறையாகத்தான் கவ்வியிருக்கும். ஆனால் வெளியே பார்க்க முழுசாக முடிந்தது போலவே தெரியும். இந்த ரகத்தில் எனக்குப் பிடிக்காதது இதுதான்.

இரண்டு கைப்பிடி வைத்த நீளமான ரகம் அடுத்தது. மரம் வெட்டும் கத்தரி போல இரு கையாலும் மூட வேண்டும். நீளம் 13 அங்குலத்துக்குக் குறையாமல் பாருங்கள். எம்8 வரை சிரமமில்லாமல் இழுக்கும். விலை முதல் ரகத்தைவிடக் கூடத்தான். வீட்டுக்கு ஒன்று வாங்குவதாக இருந்தால் நான் இதைத்தான் சொல்வேன்.

டிரில்லின் முனையில் மாட்டுகிற துணைக்கருவியும் விற்கிறார்கள். வேகமாக வேலை முடியும். ஆனால் எங்கே நிறுத்துவது என்பது உங்கள் விரலில் இருக்கிறது. கண் இமைக்கும் நேரம் கூடப் போனால் நட்டின் மரை போய்விடும். நாற்பது ஐம்பது நட் போடுகிறவருக்குச் சரி. காற்றழுத்தக் கருவி பட்டறைக்காரர்களுக்கு.

ஐந்தாவதாக ஒன்று உண்டு. கடைக்காரர் சொல்ல மாட்டார். தலையில் 10.9 அல்லது 12.9 என்று பொறித்த உறுதியான போல்ட் ஒன்று, அதற்கேற்ற நட் ஒன்று, தடித்த வாஷர் ஒன்று, இரண்டு ஸ்பேனர். போல்ட்டில் முதலில் நட்டை ஏற்றி, பிறகு வாஷர், கடைசியில் ரிவெட் நட்டைத் திருகித் துளையில் வையுங்கள். வாஷருக்கும் நட்டுக்கும் இடையே ஒரு சொட்டு எண்ணெய். போல்ட்டின் தலையை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்து, மற்றதால் நட்டைக் கீழ்நோக்கி முறுக்கினால் போல்ட் மேலே இழுபடும். மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் செலவு ஒரு தே தாரேக் அளவுக்குத்தான் வரும்.

தம்பிக்குத் தேவை நான்கே நான்கு எம்6 நட். அதற்காகக் கருவி வாங்க வேண்டியதில்லை. இந்தப் போல்ட் முறையைச் செய்யலாம். கை நடுங்கினால் கேட் அடிக்கிற பட்டறையில் கொடுத்தால் பத்து நிமிட வேலை. கூட ஓடுகிற நண்பர்கள் நாலைந்து பேருக்கும் இதே தொல்லை என்றால், பணம் சேர்த்து இரண்டு கைப்பிடி ரகத்தை ஒன்றாக வாங்கிக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது "150 நட் இலவசம்" என்ற எழுத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் எம்3, எம்4, அதுவும் அலுமினியம். ரேக்குக்கு ஆகாது. கருவியின் மூக்கில் நீட்டிக்கொண்டிருக்கிற மரைத்தண்டைத் தனியாகக் கழற்றி மாற்ற முடிகிறதா, மாற்றுத் தண்டு கடையில் கிடைக்கிறதா என்று கேளுங்கள். முதலில் தேய்வதும் உடைவதும் அதுதான். அது கிடைக்காவிட்டால் மொத்தக் கருவியும் இரும்புச் சாமானுக்குப் போகும்.

நட்டின் உலோகத்தையும் பார்க்க வேண்டும். கடலோரத்து உப்புக் காற்றில் அலுமினிய நட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகு போல்ட் மாட்டினால், இரண்டு உலோகமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க, அலுமினியம் அரித்துப் போகும். முலாம் பூசிய இரும்பு நட், அதே இரும்புப் போல்ட் என்று ஜோடி சேர்ப்பது மேல்.

இனி துளை. நல்ல கருவி வாங்கியும் நட் சுற்றுகிறது என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேர் துளையைப் பெரிதாக்கியவர்கள். எம்6 என்றால் பெரும்பாலும் 9 மில்லிமீட்டர், எம்8 என்றால் 11. ஆனாலும் நட் வாங்கிய பொட்டலத்தில் போட்டிருக்கிற அளவே முடிவு. 9 துளைக்கு 9.5 டிரில் முனை போட்டால் நட் கவ்வாது. அதே பொட்டலத்தில் எவ்வளவு தடித்த தகட்டுக்கு என்றும் இருக்கும். உங்கள் தகடு அதற்குள் வர வேண்டும். முதலில் ஒரு கழிவுத் தகட்டில் போட்டுப் பழகிவிட்டு ரேக்கில் கை வையுங்கள்.

முக்கால் அங்குலச் சதுரக் குழாய் வெறும் 19 மில்லிமீட்டர்தான். அதில் 11 மில்லிமீட்டர் துளை போட்டால் அந்தப் பக்கத்தில் பாதிக்கு மேல் காணாமல் போகும். அங்கே எம்6க்கு மேல் போகாதீர்கள். மோட்டாரின் முதன்மைச் சட்டத்தில் ஒரு துளைகூட வேண்டாம். குழந்தை இருக்கை, வீட்டில் முதியவர் பிடித்து நடக்கிற கம்பி, இவையெல்லாம் ரிவெட் நட்டை நம்பித் தொங்கக் கூடாது. அங்கே வெல்டிங் அல்லது ஊடுருவிப் போகும் போல்ட்தான்.

போட்ட நட் பிறகு சுற்ற ஆரம்பித்தால் மேலும் முறுக்காதீர்கள். விளிம்பை இடுக்கியால் அசையாமல் பிடித்து, துளைக்குப் போட்ட அதே அளவு டிரில்லால் மெதுவாகக் குடைந்தால் விளிம்பு தனியாக வந்துவிடும். மீதி குழாய்க்குள் விழும். குழாயைத் தட்டிப் பாருங்கள், வெளியே வந்தால் நல்லது. வராவிட்டால் ஓடும்போது கிலுகிலுப்பை மாதிரி சத்தம் கேட்கும், வேறு தொல்லையில்லை. புது நட் போட்டுப் பெட்டியை மாட்டி, ஒரு வாரம் ஓட்டிய பிறகு நான்கு போல்ட்டையும் ஒரு முறை முறுக்கிப் பாருங்கள்.