படகைக் கவிழ்த்த விருந்தாளி

ஐந்தாம் கிளாஸ் மகளுக்கு இங்கிலீஷ் காம்ப்ரிஹென்ஷன் வீட்டுப்பாடம். கென்னத் கிரஹாம் 1908ல் எழுதிய 'தி விண்ட் இன் தி வில்லோஸ்' கதையின் ஆரம்பம். (ஆசாமி பாங்க் ஆஃப் இங்கிலாந்தில் செக்ரட்டரியாக இருந்தவராம். பி.காம். படித்த எனக்கு அற்ப சந்தோஷம்!)

மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் மோல், வெள்ளையடிக்கிற வேலை வெறுத்துப்போய் வெளியே ஓடி வருகிறது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஆற்றைப் பார்க்கிறது. அங்கே குடியிருக்கும் நீர் எலி, அதைப் படகில் ஏற்றிப்போய் வயிறாரச் சாப்பாடும் போடுகிறது. திரும்பும்போது, எலி பொறு பொறு என்றும் கேட்காமல் மோல் துடுப்பைப் பிடுங்க, படகு குப்புற! எலியோ சிரித்துக்கொண்டே மோலைக் கரைசேர்த்து, முங்கிச் சாப்பாட்டுக் கூடையை மீட்டு, என் வீட்டில் தங்கு, நீச்சல் சொல்லித் தருகிறேன் என்கிறது.

கேள்வி: எலி ஏன் கோபப்படவில்லை?

"எலி ரொம்ப நல்லதுன்னு எழுதும்மா."

"அதில்லப்பா. மோலுக்கே அவமானமா இருக்கு. அதை எலி பார்த்துடுச்சு."

"பாடத்துல அப்படியா இருக்கு?"

"மன்னிப்புக் கேக்கறப்ப அதுக்குக் குரல் உடையுதே!"

போன வருஷம் என் பைக்கை இரவல் வாங்கிப்போய் டேங்கை நசுக்கிவிட்ட நண்பன், தலைகுனிந்து சாவியை நீட்டினான். நான் மெக்கானிக் பில்லை நீட்டினேன். பைசா பாக்கியில்லாமல் தந்தான். அப்புறம் வீட்டுப் பக்கமே வரவில்லை.

"என்னப்பா, நான் எழுதினது சரிதானே?" என்றாள்.

"ரெண்டு மார்க்" என்றேன்.