65 வாட் அடுப்பு

எங்கள் வீட்டில் டேபிள் ஃபேன் ஒன்றுதான். அதற்குப் பாத்தியதை கொண்டாடுகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் அப்பா. வயது எழுபத்தொன்று. இன்னொருவர் என் கம்ப்யூட்டர். வயது பதின்மூன்று. 2025 அக்னி நட்சத்திரத்தில் நடந்த போட்டியில் ஜெயித்தது கம்ப்யூட்டர்.

குரோம்பேட்டையில் எங்களுக்கு இரண்டாவது மாடி. அதற்கு மேலே மொட்டை மாடி, அதற்கு மேலே சூரியன். இடையில் வேறு யாரும் கிடையாது. ஹாலில் சீலிங் ஃபேன் உண்டு. அது காற்று வீசுகிற மாதிரி தோன்றும். உண்மையில் மொட்டை மாடியில் சேர்ந்த சூட்டை வீட்டில் உள்ள எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டுக் கொடுக்கும். ஓரத்தில் கட்டில் போட்டுப் படுக்கும் அப்பாவுக்கு அந்தப் பங்கும் போய்ச் சேராது. அதற்காகத்தான் டேபிள் ஃபேன்.

கம்ப்யூட்டருக்கு வந்த வியாதியைச் சொல்கிறேன். போட்டுப் பத்து நிமிஷத்தில் உள்ளே மிக்ஸி ஓடுகிற சத்தம். இருபது நிமிஷத்தில் மவுஸ் அம்பு, கல்யாணப் பந்தியில் மோர் சாதம் முடித்த மாமா மாதிரி மெதுவாக நகரும். அரை மணியில் 'டுப்'. இருட்டு. அந்த 'டுப்' எப்போதும் நான் கட்டுரையின் நாலாவது பாராவில் இருக்கும்போதுதான் வரும். சேவ் பண்ணியிருப்பது மூன்று பாரா.

ஆசிரியர் குழுவிலிருந்து போன். "சார், கட்டுரை என்னாச்சு?"

"ரொம்ப சூடா இருக்கு சார்."

"பேஷ்! அப்படித்தான் இருக்கணும். சீக்கிரம் அனுப்புங்க" என்று சந்தோஷமாக வைத்துவிட்டார்.

மூன்றாவது 'டுப்'புக்குப் பிறகு அப்பா எழுந்து வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றச் சொன்னார். தன் தலைமாட்டில் இருந்த டேபிள் ஃபேனைத் தூக்கி வந்து அதன் எதிரே வைத்து, மூன்றாம் நம்பரில் சுழல விட்டார். கம்ப்யூட்டர் ஒன்றரை மணி நேரம் தாக்குப் பிடித்தது.

"உங்களுக்குப்பா?"

"எனக்கு எதுக்குடா? நான் என்ன பாதியில ஆஃபா ஆகப் போறேன்?"

சொல்லிவிட்டு ஒரு பழைய பஞ்சாங்கத்தால் விசிறிக்கொண்டு படுத்துவிட்டார். எனக்கு அன்று கட்டுரை முடிந்தது. ஆனால் அந்தப் பதிலுக்கு அப்புறம் சிரிப்புக் கட்டுரை எழுதுவது கொஞ்சம் சிரமமாகத்தான் இருந்தது.

அந்தக் கம்ப்யூட்டர் வந்ததே அவர் பணத்தில். 2012 ஜூனில், ரிட்டயர் ஆன கையோடு முப்பதாயிரம் ரூபாயை எடுத்துக் கொடுத்தார். "பி.காம். படிச்சிருக்கே. கணக்கு எழுது, இல்லே கதை எழுது. ரெண்டுக்கும் இது உதவும்" என்றார். இன்றுவரை இரண்டையும் எழுதுகிறேன். சில மாதங்களில் எது கணக்கு, எது கதை என்று எனக்கே சந்தேகம் வருவதுண்டு.

பி.காம். என்றதும் ஞாபகம் வருகிறது. வருமான வரிச் சட்டப்படி கம்ப்யூட்டருக்குத் தேய்மானம் முதலில் வருஷத்துக்கு 60 சதவீதம். 2017 ஏப்ரல் முதல் 40 சதவீதம். ஒரு நாள் மின்சாரம் இல்லாத நேரத்தில் பேப்பரில் போட்டுப் பார்த்தேன். முப்பதாயிரம் ரூபாய் மெஷின், 2025 மார்ச் 31 நிலவரப்படி 5 ரூபாய் 16 காசு. ஐந்து ரூபாய் சாமானுக்குக் காற்று, அதைப் பெற்றவருக்குப் பஞ்சாங்கம்! கணக்கு உதைக்கிறது அல்லவா?

முடிவு பண்ணினேன். புராஸஸரை மாற்றிவிட வேண்டியதுதான். சூடாவது அதுதானே?

நிதி மந்திரியிடம், அதாவது என் மனைவியிடம், மானியக் கோரிக்கை வைத்தேன். 3,500 ரூபாய் சாங்ஷன் ஆனது. "ஜூன் மாசம் பையனுக்கு நோட்டுப் புஸ்தகம் வாங்க வெச்சிருந்தது. ஏங்க, வேற போட்டா சூடு குறையுமா?" என்று ஒரு கேள்வியும் கூடவே வந்தது.

"கண்டிப்பா!" என்றேன். விஷயம் தெரியாதவனுக்குத்தான் அவ்வளவு உறுதி வரும்.

கொஞ்சம் படித்தும் பார்த்தேன். என்னுடையது இன்டெல் கோர் ஐ3-2100. 2011-ல் வந்த இரண்டாம் தலைமுறை. அது உட்காரும் சாக்கெட்டுக்குப் பெயர் எல்.ஜி.ஏ. 1155. உள்ளே 1,155 தொடுமுனைகள் இருப்பதால் அந்தப் பெயர். 2012-ல் வந்த மூன்றாம் தலைமுறையும் இதில் உட்காரும். ஆனால் பழைய போர்டு என்றால் அதன் பயாஸை முதலில் புதுப்பிக்க வேண்டும். 2013-ல் வந்த நான்காம் தலைமுறைக்கு சாக்கெட் 1150. ஐந்தே ஐந்து வித்தியாசம்தான், பரவாயில்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஜாதகத்தில் ஒரு பொருத்தம் குறைந்தால்கூட மேளம் கொட்டிவிடலாம். இங்கே அந்தப் பேச்சே கிடையாது.

ஆக எனக்கேற்ற மாப்பிள்ளை ஐ5-3470. நாலு கோர். மூன்றாம் தலைமுறை. செகண்ட் ஹேண்டில்தான் கிடைக்கும்.

எல்.ஐ.சி. பக்கம் பஸ்ஸை விட்டு இறங்கி ரிச்சி தெருவுக்குள் நுழைந்தேன். அங்கே நடக்க முடியாது. கூட்டம் நம்மை நடத்திக்கொண்டு போகும். ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்த கடையில் கொண்டுபோய் நிறுத்தியது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒருவர் மதர்போர்டு ஒன்றில் ஸால்டரிங் வைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஐ5-3470 இருக்கா?"

"இருக்கு. 1,900. இந்தப் படியைத் தாண்டுற வரைக்கும் கேரண்டி. எதுக்கு சார்?"

"இப்ப இருக்கறது ஐ3. சூடாயி ஆஃப் ஆயிடுது."

ஸால்டரிங் கம்பியைக் கீழே வைத்தார். "கடைசியா எப்ப சார் பேஸ்ட் மாத்தினீங்க?"

"பேஸ்ட்டா? இன்னிக்குக் காலைலதான் புது ட்யூப் பிரிச்சோம்."

அவர் சிரிக்கவில்லை. இந்தப் பதிலை அவர் ஏற்கெனவே பலமுறை கேட்டிருக்க வேண்டும். அப்புறம் பொறுமையாகச் சொன்னார். எனக்குப் புரிந்தவரை உங்களுக்கும் சொல்கிறேன். உபயோகப்படும்.

பழைய 60 வாட் குண்டு பல்பு எரிந்துகொண்டிருக்கும்போது தொட்டிருக்கிறீர்களா? ஒருமுறை தொட்டவர்கள் மறுமுறை தொட்டிருக்க மாட்டீர்கள். என் ஐ3-க்கு 65 வாட் வரைக்கும் கணக்கு. உள்ளே வேலை செய்கிற சில்லு கட்டை விரல் நகத்தளவுதான். சாப்பிடுகிற மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் சூடாகத்தான் வெளியே வரும். அந்தச் சூட்டை மேலே உட்கார்ந்திருக்கும் அலுமினிய ஹீட் சிங்க் வாங்கிக்கொள்ள, ஹீட் சிங்க் மேல் உள்ள குட்டி ஃபேன் ஊதித் தள்ளுகிறது.

புராஸஸர் மூடியும் ஹீட் சிங்க்கும் பார்வைக்கு வழவழவென்று இருக்கும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்கள் உண்டு. பள்ளத்தில் காற்று நிற்கும். காற்று சூட்டைச் சரியாகக் கடத்தாது. அந்தப் பள்ளத்தை அடைக்கத்தான் தெர்மல் பேஸ்ட். வருஷக்கணக்கில் சூட்டில் கிடந்தால் அது காய்ந்து, நெற்றியில் பட்டை போட்ட விபூதி மாதிரி உதிர ஆரம்பித்துவிடும். போதாக்குறைக்கு ஹீட் சிங்க் இடுக்கெல்லாம் தூசி.

"சூடு ஏறினா முதல்ல தானே வேகத்தைக் குறைச்சுக்கும் சார். அதான் மவுஸ் நகரலை. அப்படியும் அடங்கலேன்னா, உசுரைக் காப்பாத்திக்க ஆஃப் ஆயிடும். அது வியாதி இல்லை சார். அதுக்கு இருக்கிற புத்தி."

"அப்ப ஐ5?"

"அது 77 வாட். 65 வாட் அடுப்பையே உங்களால சமாளிக்க முடியலே. பெரிய அடுப்பைக் கொண்டுபோய் வெச்சுட்டு, சூடு குறையும்னு சொல்றீங்களே?"

கடனை அடைக்க அதைவிடப் பெரிய கடன் வாங்கின கம்பெனிகளின் கணக்கை நான் பார்த்திருக்கிறேன். அந்த கம்பெனிகளின் போர்டு மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கிற மாதிரி முழித்தேன்.

"இன்னொண்ணு சார். அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் முடியுது. இன்டெல்ல எட்டாவது தலைமுறைக்கு மேல இருந்தாத்தான் பொதுவா விண்டோஸ் 11-க்கு ஒத்துப்பாங்க. மூணாவது தலைமுறைக்கு 1,900 கொடுத்தாலும் அந்தக் கதவு திறக்காது. பேஸ்ட் 120 ரூபா. போட்டுப் பாருங்க. அப்பவும் ஆஃப் ஆச்சுன்னா வாங்க, ஐ5 எங்கேயும் ஓடிடாது."

1,900 ரூபாய் வியாபாரத்தை விட்டுவிட்டு 120 ரூபாய்க்கு பில் போட்ட மனிதரை என்ன செய்வது? டீ வாங்கிக் கொடுத்தேன்.

"துவரம் பருப்பு சைஸ் போதும் சார், நடுவுல. அதிகமா போட்டா நல்லதுன்னு சாம்பார் மாதிரி ஊத்திடாதீங்க" என்று வழியனுப்பினார்.

பழைய பேஸ்ட்டைத் துடைக்க ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் ஒரு சின்ன பாட்டில். கடைசி வார்த்தையை மட்டும் காதில் வாங்கிய என் மனைவிக்கு விளக்கம் சொல்லி முடிக்க ராத்திரி எட்டு மணி ஆகிவிட்டது.

முதலில் பதின்மூன்று வருஷக் கட்டுரைகளையும் நாலு கடைகளின் கணக்கையும் பென் டிரைவில் ஏற்றினேன். பாதியில் ஆஃப் ஆகி, மறுபடி ஏற்றினேன். ஆபரேஷனுக்கு முன் உயில் எழுதுவது நல்ல பழக்கம். பயாஸில் சூடு பார்த்தேன். சும்மா நிற்கும்போதே 84 டிகிரி. பிளக்கைப் பிடுங்கி, இரும்பு கேபினட்டைத் தொட்டுக் கையிலுள்ள ஸ்டாட்டிக்கை இறக்கிவிட்டு ஆரம்பித்தோம். 'தோம்' என்றால் நானும் அப்பாவும். அப்பா டார்ச் பிடித்தார். ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஸ்கூட்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி உப்புத் தாள் போட்டவர்.

உள்ளே பார்த்ததும் வெட்கமாக இருந்தது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் கேபினட்டுக்கு வெளியே சந்தனம், குங்குமம் வைத்திருக்கிறேன். உள்ளே ஒரு தலையணைக்குத் தேவையான பஞ்சு இருந்தது. ஃபேன் சுழலாமல் ஒரு பென்சிலால் பிடித்துக்கொண்டு, பெயின்ட் பிரஷ்ஷால் தட்டித் தட்டி எடுத்தேன்.

ஹீட் சிங்க்கை மதர்போர்டோடு நாலு பிளாஸ்டிக் கால்கள் பிடித்திருக்கும். திருகிக் கழற்றப் போனேன்.

"இருடா" என்றார் அப்பா. ஒவ்வொரு காலாக விரலால் தொட்டுப் பார்த்தார். "இந்த ஒண்ணு ஆடறதே!"

ஆமாம். நாலாவது கால் போர்டிலேயே இல்லை. 2021-ல் வீடு மாற்றினபோது குட்டி யானை வண்டியில் குலுங்கி வந்ததே, அன்றைக்கே கழன்றிருக்க வேண்டும். ஹீட் சிங்க் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, புராஸஸரைப் பாதிதான் தொட்டுக்கொண்டு நின்றிருக்கிறது. நாலு வருஷமாக! நான் அதைப் பழசு, கிழடு, மாற்ற வேண்டும் என்று திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

துடைத்தோம். துவரம் பருப்பு வைத்தோம். அப்பா சமையலறைக்குப் போய் நிஜமாகவே ஒரு பருப்பை எடுத்து வந்து பக்கத்தில் வைத்து அளவு பார்த்தார். எதிரெதிர் மூலையாக நாலு கால்களையும் அழுத்தினோம். நாலு 'க்ளிக்'. போர்டுக்குப் பின்பக்கம் நாலு நுனியும் வெளியே வந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் மூடினோம்.

பயாஸில் 43 டிகிரி.

இரண்டு மணி நேரம் ஓடவிட்டேன். மிக்ஸி சத்தம் இல்லை. மவுஸ் மோர் சாதத்திலிருந்து எழுந்து ஓடியது. வேகத்தைக் குறைக்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லாமல் போனதே காரணம். ஐ5 வாங்காமலே புது மெஷின் வாங்கின மாதிரி இருந்தது.

கணக்கு ஒப்படைக்க வேண்டுமே? பேஸ்ட் 120, ஆல்கஹால் 90, பிரஷ் 25, இரண்டு டீ 30, ரயில், பஸ் 35. ஆக 300. சாங்ஷன் ஆன 3,500-ல் மிச்சம் 3,200 கஜானாவுக்குத் திரும்பியது. நிதி மந்திரி எண்ணிப் பார்த்துத்தான் வாங்கிக்கொண்டார். (அக்டோபருக்குப் பிறகு மெஷினில் லினக்ஸ் போட்டுக்கொண்டேன். இலவசம் என்பதால் அதற்கு மானியக் கோரிக்கை தேவைப்படவில்லை.)

அன்று ராத்திரி டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு போய் அப்பாவின் தலைமாட்டில் வைத்தேன். பஞ்சாங்கத்தை எடுத்து பரணில் போட்டேன். பிறகு கட்டுரை எழுத உட்கார்ந்தேன். நாலாவது பாரா சுகமாகத் தாண்டியது.

இருட்டிலிருந்து குரல். "டேய், சூடாறதா? ஃபேன் வேணுமா அதுக்கு?"

"வேண்டாம்பா. நன்னா ஓடறது. நீங்க தூங்குங்கோ."

"அப்ப சரி."

கொஞ்ச நேரம் கழித்து என் முதுகில் சிலுசிலுவென்று காற்றுப் பட்டது. திரும்பிப் பார்த்தேன். அப்பா கட்டிலில் உட்கார்ந்து, ஃபேனின் கழுத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.

"மெஷினுக்குத்தான் வேண்டாம்னு சொன்னேனேப்பா?"

"மெஷினுக்கு இல்லேடா. நீ பாதியில ஆஃப் ஆயிடப் போறே."