அண்டை வீட்டாரின் முறையீடு

ஒருவர் காய்ச்சலால் படுத்துவிட்டால் அண்டை வீட்டார் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கின்றனர். உள்ளம் நோயுற்ற ஒருவர் நள்ளிரவில் கூவினாலோ, அவ்வண்டை வீட்டாரே கதவைத் தாழிடுகின்றனர். மறுநாள் கிராம சுகாதாரச் செவிலியர் தெருவுக்கு வரும்பொழுது, "நர்சம்மா, இவரை எங்கேனும் கொண்டுபோய் விட்டுவிடுங்கள்" என முறையிடுகின்றனர். இம்முறையீட்டை எவ்வாறு ஏற்பது?

முறையிடுவோரைக் கொடியவர் எனக் கருதுதல் தகாது. மணியாச்சியைச் சூழ்ந்த கரிசற் சிற்றூர்களில் வீடுகள் நெருங்கி நிற்பவை. ஒருவர் குரலெழுப்பினால் தெருவே விழித்துக்கொள்ளும். விடிந்ததும் பருத்தி எடுக்கவும், தீப்பெட்டி ஆலைக்கும் செல்ல வேண்டியவர்க்கு உறக்கம் பெரிதன்றோ? பிள்ளைகளை எண்ணி அஞ்சுவோரும் உளர். ஆதலின் அவர்கள் கூறுவதைச் செவிலியர் பொறுமையுடன் கேட்டல் வேண்டும்.

ஆயினும், 'கொண்டுபோய் விடுங்கள்' என்னும் சொல் எவ்விடத்தில் முடியக்கூடும் என்பதை நாம் மறத்தலாகாது. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில், தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தோர் எழுந்தோட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். அவர்களும் ஒரு காலத்தில் யாரோ சிலருக்கு அண்டை வீட்டாராய் இருந்தவர்களே! மனநோயாளரைச் சங்கிலியிடுதலை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்துள்ளது. ஊராரோடு வாழும் உரிமையும் அவர்க்கு உண்டென அச்சட்டம் கூறுகிறது.

எனவே, செவிலியர் முறையீட்டைக் கேட்டபின் நோயுற்றவரின் இல்லத்திற்கும் செல்லுதல் வேண்டும். அவர் உண்டாரா, உறங்கினாரா, மாத்திரை தீர்ந்துவிட்டதா, அதனை வாங்கிவரப் பேருந்துக்குப் பணமில்லையா என வினவுதல் வேண்டும். மருந்து நின்றதே கூச்சலுக்குக் காரணமாய் இருத்தல் கூடும். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரிடம் அவரைச் சேர்ப்பித்தால் நோயும் தணியும், தெருவும் அமைதியுறும். உயிருக்கு ஊறு நேரும் நிலையாயின், 108 ஊர்தியையும் காவலரையும் அழைப்பதே முறை. நோயின் விவரத்தை மட்டும் அண்டை வீட்டார்க்கு உரைத்தலாகாது. "மருத்துவம் நடைபெறுகிறது, மீண்டும் தொல்லை நேர்ந்தால் எனக்குச் சொல்லுங்கள்" என்பதே போதும்.

செவிலியர் ஒருவரே இச்சுமை முழுவதையும் தாங்கிவிட முடியுமா? கருவுற்ற தாய்மாரையும் குழந்தைகளையும் காப்பது அவருக்குரிய பெரும்பணி. ஊரார் துணையின்றி அவர் முயற்சி முற்றுப்பெறாது. பெல்ஜிய நாட்டுக் கீல் என்னும் ஊரில், பல நூற்றாண்டுகளாகவே குடும்பத்தார் மனநோயாளரைத் தம் இல்லங்களில் ஏற்று வாழ்ந்து வருகின்றனர். அவ்வூரார்க்கு இயன்றது நமக்கும் இயலும்.

மாணவர்களே! தெருவில் இத்தகையோரைக் கேலி செய்து கல்லெறிபவர் பெரும்பாலும் சிறுவரே. அக்கல்லை முதலில் கீழே போடுங்கள். பின்னர், செவிலியரிடம் முறையிட நேரும்பொழுது, "இவரைக் கொண்டுபோங்கள்" என்னாது, "இவருக்கு மருத்துவம் வேண்டும்" என்று சொல்லப் பழகுங்கள்.