ஆத்தும சோதனையும் மின் சோதனையும்

பங்குத் திருவிழாவுக்கு இரு வாரங்கள் இருந்த வேளை. அன்னூரில் நம் கோயில் வளாகத்துத் தண்ணீர்க் குழாயைத் திறந்த உபதேசியார் கையை உதறிக்கொண்டு, "கொழாயி சுர்ருங்குதுங்க சாமி, லேசாத்தானுங்க" என்றார். நாமும் அறியாமையால் தொட்டுப் பார்த்தோம். உலர்ந்த கை, காலில் செருப்பு. மெல்லிய கூச்சமே தெரிந்தது. திருவிழா முடியட்டும், பிறகு கவனிப்போம் என்று தீர்ப்பிட்டுவிட்டோம்.

மறுநாள் அலங்கார விளக்குகளுக்காக வந்த ஒயர்மேன், குழாயில் டெஸ்டரை வைத்துப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் சென்று மோட்டாரின் மெயின் சுவிட்சை அணைத்தார். ஃபியூஸ் கட்டையைக் கழற்றித் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "ஞாயித்துக்கெழமெ ஞானோபதேசம் முடிஞ்சு, கொழந்தைக வெறுங்கால்ல வந்து இதுலதானுங்க சாமி தண்ணி குடிக்குதுங்க" என்றார். நமக்கு உடல் நடுங்கிற்று.

'லேசு' என்று நாம் அளந்தது பழுதை அன்று, நம் செருப்பை! கசியும் மின்சாரம் ஒன்றே. உலர்ந்த உடல் அதனைத் தடுத்து நிற்கும். நனைந்த உடலின் தடையோ ஏறத்தாழ ஆயிரம் ஓம் அளவுக்குத் தாழ்ந்துவிடக்கூடும். அவ்வேளையில் 230 வோல்ட் அழுத்தம் தாக்கினால், உடலினூடே 230 மில்லி ஆம்பியர் பாயும். உயிர் காக்கப் பொருத்தப்படும் கசிவுத் துண்டிப்பான் 30 மில்லி ஆம்பியரிலேயே மின்சாரத்தை நிறுத்திவிடும் என்றால், இதன் கொடுமையை எண்ணிப் பாருங்கள்.

அன்று ஒயர்மேன் வளாகம் முழுவதையும் சோதித்தார். நாம் பெரிதும் அஞ்சியது சக்கிறிஸ்தியிலுள்ள பழைய மரச்சட்ட ஒயரிங்கைப் பற்றியே. அவரோ மெக்கர் கருவியால் 500 வோல்ட் செலுத்திப் பார்த்து, எதிர்ப்பு ஒரு மெகா ஓமுக்கு மேல் இருப்பதைக் காட்டி, அதனைப் பட்டியலின் கடைசியில் எழுதினார். மன்றத்தில் அடிக்கடி எரிந்துபோன ஃபியூசுக்குப் பதிலாக யாரோ தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருந்தார்கள். "விளக்கு நன்றாகத்தானே எரிகிறது" என்றோம். "ஒயரு சூடாகித் தீப்புடிக்கறப்பவும் அது எரியுமுங்க சாமி" என்றார். அதனை இரண்டாவதாக எழுதினார். முதலிடம் குழாய்க்கே.

இந்த வரிசையில் ஒரு நியாயம் உண்டு. இங்கிலாந்தில் மின்சோதனை அறிக்கை எழுதுவோர் பழுதுகளைக் குறியிட்டு வகுக்கிறார்கள். சி1 என்பது இப்போதே ஆபத்து. தொட்டால் போதும், வேறொன்றும் நிகழ வேண்டியதில்லை. சி2 என்பது வரக்கூடிய ஆபத்து; நில இணைப்பு அறுந்த மோட்டார் இன்று யாரையும் தாக்காது, அதன் சுருள் பழுதாகும் நாளில் தாக்கும். சி3 என்பது ஆபத்தன்று, திருத்தினால் நலம். ஐயம் தீராதவற்றை மேலும் ஆராய வேண்டுமெனத் தனியே குறிக்கிறார்கள். பார்வைக்கு அழகா, செலவு பெரிதா என்பவை இங்கே கேள்வியல்ல. மனிதனுக்கும் மரணத்துக்கும் இடையே இன்னும் எத்தனை தடைகள் நிற்கின்றன என்பதே கேள்வி.

அந்த இடைவெளி ஒரே நாளில் மாறிவிடவும் கூடும். 2022 ஏப்ரல் 27 அன்று, தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேரின் மேற்பகுதி உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் மாண்டனர். சப்பரம் தூக்கும் நம் பங்குகளுக்கும் இது எச்சரிக்கை. பவனி செல்லும் தெருவை முன்னதாகவே நடந்து பார்த்து, மேலே அண்ணாந்தும் நோக்க வேண்டும்.

குருமடத்தில் நாம் கற்ற ஒழுக்கவியல் இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. அற்பப் பாவத்தைச் சாவான பாவமென்று எண்ணி அஞ்சும் மனச்சாட்சி ஒன்று. சாவானதை அற்பமென்று தள்ளும் மனச்சாட்சி மற்றொன்று. குழாயடியில் நமக்கிருந்தது இரண்டாவது. சாவான பாவத்துக்குக் கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம் ஆகிய மூன்றும் வேண்டும். பழுதை அறியாதிருந்தவரை அது விபத்து. சோதித்தவர் சொன்ன பிறகும் செலவை எண்ணித் தள்ளிப்போட்டால், அது நம் கணக்கு. முட்டும் மாடென்று எச்சரிக்கப்பட்டும் அதனைக் கட்டிவைக்காமல், அது ஒருவரைக் கொன்றுவிட்டால், உரிமையாளனே அப்பழியைச் சுமக்க வேண்டுமென விடுதலைப் பயண நூலின் 21-ஆம் அதிகாரம் விதிப்பதும் இதனையே.

ஆகவே, அன்பான குடும்பத்தாரே, தோட்டத்து மோட்டார், குளியலறை ஹீட்டர், மாவரைக்கும் கிரைண்டர் ஆகியவற்றை உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவரைக் கொண்டு சோதித்துப் பாருங்கள். நில இணைப்பையும் கசிவுத் துண்டிப்பானையும் கேட்டுப் பெறுங்கள். 'லேசாக அடிக்கிறது' என்று வீட்டில் யாரேனும் சொன்னால், மீண்டும் தொட்டுப் பார்க்க வேண்டாம்; மெயினை அணையுங்கள். எது முதலில், எது பிறகு என்று எழுதி வாங்கி, அவ்வரிசைப்படியே செய்யுங்கள்.

அவ்வாண்டு நம் திருவிழாவில் அலங்கார விளக்குகள் பாதியாகக் குறைந்தன. அப்பணம் மோட்டாருக்குச் சென்றது. ஞாயிறன்று குழந்தைகள் வழக்கம்போல் ஓடிவந்து அக்குழாயில் தண்ணீர் குடித்தார்கள். அதனைவிட நல்ல அலங்காரம் நம் கோயிலுக்கு வேறு வேண்டியதில்லை.