மண்ணுக்கு நஞ்சில்லை; உழைப்பவனுக்கு?

இத்தாலி நாட்டின் டஸ்கனி மாநிலத்துத் திராட்சை மது உலகப் பிரசித்தி பெற்றது. அங்குள்ள பரம்பரைப் பண்ணைகள் பல இன்று, "ரசாயன உரம் போடுவதில்லை; பாட்டன் காலத்துக் கலப்பு விவசாயம் செய்கிறோம்" என்று சொல்லிப் புட்டியை விற்கின்றன.

நல்ல காரியந்தான். பூச்சிமருந்தின் நஞ்சு முதலில் ஏறுவது அதைத் தெளிக்கும் கூலியாளின் மூச்சில்தான். மண்ணைக் கெடுக்காத விவசாயத்தை நாம் ஏன் எதிர்க்க வேண்டும்? ஆனால் ஒரு கேள்வி உண்டு, தோழர்களே! அந்தக் கலப்பு விவசாயத்தைச் செய்தது யாருடைய பாட்டன்?

பண்ணையாரின் பாட்டன் அல்ல. 'மெட்சத்ரியா' என்ற முறை அங்கே பல நூற்றாண்டுகள் நடந்தது. நமக்குத் தெரிந்த வாரச் சாகுபடி போன்றதே அது. நிலமும் வீடும் பண்ணையாருடையவை. பாடு முழுவதும் குடியானவனுடையது. விளைச்சலில் பாதி பண்ணையாருக்கு. மரத்தில் திராட்சைக் கொடியைப் படரவிட்டு, இடையே கோதுமையும் மொச்சையும் விதைத்து, ஆலிவ் மரம் வளர்த்து, தொழுவத்துச் சாணத்தை எருவாக்கியவன் அந்தக் குடியானவனே. மிஞ்சிய பாதியில் ஒரு பெரிய குடும்பத்தின் வயிறு நிரம்ப வேண்டுமே! அதனால்தான் ஒரே வயலில் எல்லாம் பயிரிட்டான். போதாதென்று கோழியும் முட்டையும் பண்ணையாருக்குக் காணிக்கை.

இரண்டாவது உலகப் போருக்குப் பின் குடியானவர்கள் திரண்டு போராடினர். 1947ல் அவர்கள் பங்கு நூற்றுக்கு 53 ஆயிற்று. 1964ம் ஆண்டுச் சட்டம் அதை 58 ஆக்கியது. புதிய வார ஒப்பந்தங்களையும் தடை செய்தது. ஆனால் நிலத்தை உழுதவனுக்குக் கொடுக்கவில்லை. வாரக்குடிகள் வெளியேறினர், பலர் பிராட்டோ நகரத்துத் துணி ஆலைகளில் சேர்ந்தனர். பண்ணைகள் டிராக்டரையும் ரசாயன உரத்தையும் இறக்கி, கலப்புப் பயிரை அழித்துத் திராட்சையை மட்டும் நட்டன. அன்று தூக்கி எறிந்த குடியானவனின் அறிவுக்குத்தான் இன்று விலை வைக்கிறார்கள்!

சரி, இன்று அந்த நாட்டு வயல்களில் பாடுபடுவோர் யார்? ஆப்பிரிக்காவிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் நமது பஞ்சாபிலிருந்தும் பிழைக்கப் போனவர்கள் ஏராளம். அங்கேயும் கங்காணி உண்டு. கங்காணியோடு முதலாளியையும் தண்டிக்க 2016ல் சட்டம் வந்தது. வந்தும் என்ன? 2024 ஜூனில், ரோமுக்குத் தெற்கே லத்தீனா பகுதியில், ஒரு காய்கனிப் பண்ணையில் பஞ்சாபித் தொழிலாளி ஒருவரின் கை யந்திரத்தில் சிக்கித் துண்டாயிற்று. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாமல் வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள். அவர் மாண்டார்.

திராட்சைக் கொடிக்கு அடிக்கும் செம்பு மருந்து, ஏழாண்டில் ஹெக்டேருக்கு 28 கிலோவைத் தாண்டக் கூடாது என்று ஐரோப்பிய யூனியன் அளவு வைத்திருக்கிறது. ஆனால் புட்டியின் மேல் குத்தும் 'இயற்கை விவசாயம்' என்ற முத்திரை, பழம் பறித்தவனுக்கு என்ன கூலி, எத்தனை மணி வேலை என்று கேட்பதில்லை. தொழிற்சங்கங்கள் விடாமல் வற்புறுத்தின. அதன் பிறகே, தொழிலாளர் சட்டத்தை மீறும் பண்ணைக்கு மானியத்தைக் குறைக்கும் விதி 2025 முதல் யூனியன் நாடுகள் அனைத்திலும் கட்டாயமாயிற்று. இது முதற்படி மட்டுமே.

மண்ணைக் காப்பவன் கையில் மண் இருக்க வேண்டும். கூலிக்கு உழைப்பவனுக்கு முழுக் கூலியும் உயிருக்குப் பாதுகாப்பும் வேண்டும். முத்திரை இவற்றைத் தராது. சங்கமே பெற்றுத் தரும்!